லேபிளில் வந்த கேள்விக்குறிகள்

என் அண்ணி மருந்து உறையில் ஒட்டும் லேபிளை வாய்விட்டு வாசிக்காமல் ஒட்டமாட்டார். "காலையில் ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு. இரவில் ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு." ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவருக்குக் காது கேட்காவிட்டாலும் வாசிப்பார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறவருக்கும் வாசிப்பார். வாசித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பார். தலையாட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதனால் அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு 'வாசிக்கிற அம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டிலும் அதே கதைதான். உப்பு டப்பாவை எடுத்தால் "உப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். "நல்லவேளை, கல்யாணத்தப்ப என் நெத்தியில லேபிள் இல்ல. இருந்திருந்தா வாசிச்சுப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பியிருப்பா" என்பார் அண்ணன். அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதிகம் பேசாதவர். பேசினால் இப்படி ஏதாவது ஒன்றுதான் வரும்.

எனக்கு அண்ணியின் பொறுமையில் கால்வாசி கிடையாது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்து இருக்கையில், என் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்குத் தோன்றுவதற்கு முன்னாலேயே பிரேக்கை அமுக்கிவிடுவது என் தொழில். நாளடைவில் அதுவே என் குணமாகவும் ஆகிவிட்டது. மாடி எனக்கு, கீழ்த்தளம் அண்ணனுக்கும் அண்ணிக்கும். மாடிப்படியில் இறங்கும்போதே யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு இறங்குவதால் அண்ணி எனக்கு 'வக்கீலம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்.

அண்ணியைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மறதி நோய். முதலில் சாவியை மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்தார், பிறகு மகளையே மறந்தார். "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்பார். அண்ணி ஒவ்வொரு தடவையும் முதல்முறை கேட்டதைப் போலவே பதில் சொல்வார். ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அம்மா போன பிறகு அண்ணிக்குள் ஒரு பயம் தங்கிவிட்டது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினால்கூட அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த லேபிள் தொல்லை வந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் சின்ன மருந்தறை ஒன்று இருக்கிறது. காலையில் வெளிநோயாளிகளுக்கு மருந்து கொடுப்பது அங்கேதான். மூன்று சுவரிலும் கூரைவரை மர அலமாரி, நாலாவது சுவரில் கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு கணினி, அதன் இரண்டு பக்கமும் இரண்டு பிரிண்டர்கள். சின்னது லேபிளுக்கு, பெரியது காகிதத்துக்கு. அண்ணி பிற்பகலில் அறையைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அதற்கு மேல் வருகிறவர்கள் முன்பக்கத்துப் பெரிய மருந்துக்கடைக்குப் போய்க்கொள்வார்கள்.

லேபிள் போடும் புரோகிராம் மிகவும் பழையது. திரையில் மருந்தின் எண்ணையும் வேளையின் எண்ணையும் தட்டினால் போதும். தமிழ் வாக்கியம் திரையில் தெரியாது, லேபிளில்தான் வந்து விழும். ஒரு காலையில் அப்படி வந்து விழுந்ததில் தமிழே இல்லை. வரிசையாகக் கறுப்புச் சாய்சதுரங்கள், ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு கேள்விக்குறி. அண்ணி வழக்கம்போல வாசிக்க வாயைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டார். வாசிக்க முடியாததை அவர் ஒட்டுவாரா? அன்று வந்தவர்களுக்கெல்லாம் கையால் எழுதிக் கொடுத்தார். வரிசை கேட்டுவரை நீண்டுவிட்டது.

கணினி பார்க்கிறவர் வந்தார். முழு ஆஸ்பத்திரிக்கும் அவர் ஒருவர்தான். எப்போதும் தோளில் ஒரு வயர்ச் சுருளோடு ஓடிக்கொண்டிருப்பதால் அவரை எல்லாரும் வயர்க்காரர் என்பார்கள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ஏதேதோ திறந்து பார்த்தார்.

"பிரிண்டர்ல ஒண்ணும் இல்லம்மா. இது மொழி செட்டிங். உங்க புரோகிராம் எழுத்தையெல்லாம் பழைய கணக்குல வச்சிருக்கு. கம்ப்யூட்டரை யாரோ புதுக் கணக்குல படிக்கச் சொல்லியிருக்காங்க. அதுக்கு ஒண்ணும் புரியாம கேள்விக்குறி போட்டு வைக்குது. இதோ பாருங்க, இந்தக் கட்டத்துல டிக் விழுந்திருக்கு. இதை எடுத்துட்டு, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். அவ்வளவுதான்."

"டிக் எப்படிங்க விழுந்துச்சு?"

"அதுவா விழாதும்மா. யாராவது போட்டாத்தான் விழும். இந்த அறையில வேற யாரு இருக்கா? நீங்கதான் எதையோ தேடப்போய்த் தெரியாம தட்டியிருப்பீங்க."

போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடிவிட்டார். அவருக்கு அது ஒரு வாக்கியம். அண்ணிக்கு அது நெஞ்சில் தைத்த முள்ளாகிவிட்டது.

சில நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மறுபடி ஒரு காலையில் கேள்விக்குறிகள். அண்ணிக்கு இப்போது வழி தெரியும். அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்த்தார், டிக் இருந்தது. எடுத்தார், கணினியை அணைத்துப் போட்டார், தமிழ் வந்தது. அடுத்த நாள் நன்றாக இருந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி டிக். இரண்டு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. மறுபடி வயர்க்காரரைக் கூப்பிட அண்ணிக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டால் அவர் அதே வாக்கியத்தைத்தானே சொல்வார்! தானே எடுத்துத் தானே சரிசெய்து, யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தார். சில நாள் நன்றாக, சில நாள் மோசமாக என்றுதான் அவருடைய அம்மாவுக்கும் ஆரம்பித்தது என்பதை அவர் மனம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

டிக்கோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அறையில் வேறு என்னென்னவோ நடந்தது. முந்தின நாள் பசை சிந்தியிருந்த மேஜை காலையில் பளிச்சென்று துடைத்திருந்தது. துடைத்த ஞாபகமே அவருக்கு இல்லை. பெரிய பிரிண்டரில் காகிதம் தீரப்போகிறது, நாளைக்கு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார். காலையில் பார்த்தால் கட்டு நிரம்பியிருக்கும். திறந்து போட்ட பேனாவுக்கு மூடி மாட்டியிருக்கும். நாற்காலி மேஜைக்குள் தள்ளியிருக்கும். பூட்டிய அறைக்குள் வேறு யார் வரப்போகிறார்கள்? எல்லாம் தான் செய்ததுதான், செய்துவிட்டு மறந்துவிட்டோம் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

வீட்டில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது. அண்ணி தூங்குவதில்லை என்று அண்ணன் படிக்கட்டில் நின்று என்னிடம் முணுமுணுத்தார். சாப்பாட்டில் உப்பு இரண்டு மடங்காக இருந்தது, இல்லாவிட்டால் இல்லவே இல்லை. இன்னொன்றையும் நான் கவனித்தேன். 'மறந்துட்டேன்' என்ற வார்த்தை எங்கள் வீட்டிலிருந்து காணாமல் போயிருந்தது. பால் வாங்கவில்லையா என்றால் "கடை மூடியிருந்துச்சு" என்பார். போன் ஏன் எடுக்கவில்லை என்றால் "கேட்கல" என்பார். மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவே மாட்டார். அதைப் பார்த்து அண்ணனும் சொல்வதை விட்டுவிட்டார். கேஸ் சிலிண்டருக்குப் பதிவுசெய்ய மறந்ததற்குக்கூட, "இன்னைக்கு வேண்டாம்னு விட்டேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். காது சிவந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் அண்ணி தட்டு கழுவும்போது அவர் இடது உள்ளங்கையில் மையால் போட்ட பெருக்கல் குறி ஒன்றைப் பார்த்தேன். பக்கத்திலேயே அழிந்துபோன பழைய குறிகளின் கறையும் இருந்தது.

"என்ன அண்ணி இது, கையில?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு யாரு தினம் கையில கோடு போடுவா? சொல்லுங்க."

"உன்கிட்ட வாயைக் குடுத்தா விடமாட்டியே" என்றார். குழாயை மூடினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். டிக்கை எடுத்தவுடன் கையில் ஒரு குறி போட்டுக்கொள்கிறாராம். மறுநாள் டிக் திரும்ப வந்திருந்தால், கையில் குறி இருக்கிறதா என்று பார்ப்பாராம். குறி இருக்குமாம்.

"அப்ப எடுத்திருக்கீங்கதானே? பின்ன என்ன?"

"எடுத்தது ஞாபகம் இருக்கு. திரும்பப் போட்டதுதான் ஞாபகம் இல்ல." உள்ளங்கைக் குறியைக் கட்டைவிரலால் தேய்த்தார். "அம்மாவும் இப்படித்தானே? கதவைப் பூட்டினது தெரியும்பாங்க. திரும்பத் திறந்தது தெரியாது."

என்ன சொல்வதென்று தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "யாரோ ஒரு வயர்க்காரன் சொன்னான்னு..." என்று ஆரம்பித்தேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் குடுக்கிறது மருந்து. ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு போட்டுட்டு, போட்டதே தெரியாம நின்னா? ஒரு உசுரு போயிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க ஆஸ்பத்திரியிலேயே ஞாபகமறதிக்குப் பார்க்கிற டாக்டர் வராரு. டோக்கன் போட்டிருக்கேன். அவர் ஆமான்னு சொல்லிட்டா, திங்கட்கிழமை போய் வேலையை விட்டுட்டேன்னு சொல்லிடுவேன். நீ கூட வா. உங்கண்ணனைக் கூட்டிட்டுப் போனா அவர் என்னைவிட முன்னாடி அழுதுடுவாரு."

வெள்ளிக்கிழமை என் பயிற்சிக் காரிலேயே போனோம். தலைமேல் 'கற்றுக்கொள்பவர்' என்று பலகை வைத்த கார். அண்ணி மதியம் வேலையை முடித்து வீட்டுக்கு வந்து, குளித்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டியிருந்தார். சாப்பாட்டுப் பை மட்டும் வழக்கம்போலத் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது சாப்பாட்டுப் பை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது தோளில் இல்லாமல் அவர் அந்த கேட்டுக்குள் போனதே இல்லை.

டாக்டர் அறை வாசலில் நீளமான பெஞ்சு. எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாருடனும் யாரோ ஒருவர் துணைக்கு வந்திருந்தார்கள், யார் நோயாளி யார் துணை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணி உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"நேத்து டிக்கை எடுத்தேன். இன்னைக்குக் காலையில அது திரும்ப வரல" என்றார். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடவா? டிக் இல்லன்னா டாக்டர்கிட்ட அதையாவது சொல்லலாம்."

"போய்ப் பார்த்தாதான் உங்களுக்கு உயிர் வரும்னா வாங்க, பார்த்துட்டு வந்துடலாம்" என்று நானும் எழுந்தேன்.

பின்பக்க நடையில் போனோம். காவலாளியின் மேஜை காலியாக இருந்தது, தேநீருக்குப் போயிருப்பார். சாவிப் பலகையில் மருந்தறைச் சாவி மாட்டும் ஆணி மொட்டையாக இருந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். "சாவியைக் குடுத்தேனே... குடுத்தேன்தானே?" என்றார். நான் அவரை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

மருந்தறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அண்ணியின் நாற்காலி நிறைய, வெள்ளை ஏப்ரன் கட்டிய பெரிய உருவம் ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. கணினி அணைந்து மறுபடி உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. அது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அந்த ஆள் தோள்துண்டால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டி எடுத்து, மறுபடி துடைத்தார்.

"யார் நீங்க?" என்றார் அண்ணி. குரல் எழும்பவில்லை.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. "நான் கிச்சன் மாஸ்டரும்மா. நம்ம ஆஸ்பத்திரிக் கிச்சன்தான். நீங்க..." என்று உற்றுப் பார்த்தார். "அட, வாசிக்கிற அம்மா! உங்க அறைதானே இது? உட்காருங்கம்மா, உட்காருங்க. இதோ முடிச்சுட்டேன். இந்தக் கம்ப்யூட்டருக்கு மறதி நோய்மா! சொல்லிக்குடுத்தா ரெண்டு நாள் கூட ஞாபகம் வச்சுக்காது. வந்தப்பல்லாம் டிக் போட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, என் பிராணனை வாங்குது."

அண்ணி தன் உள்ளங்கையில் இருந்த குறியைப் பார்த்தார்.

நான் பாய்ந்தேன். "டிக் போடறது நீங்களா? யாரைக் கேட்டுய்யா இங்க வந்து..." என்று தொடங்கியதை அண்ணி முழங்கையால் ஒரு இடி கொடுத்து நிறுத்தினார். மருந்து கொடுக்கும்போது எப்படிக் கேட்பாரோ அப்படி, ஒவ்வொன்றாக, நிதானமாகக் கேட்க ஆரம்பித்தார்.

"நேத்து வந்தீங்களாண்ணா?"

"நேத்து இல்லம்மா. நேத்து புதுசா யாரும் அட்மிட் ஆகல. புது ஆள் வந்தாத்தான் புதுசா தட்டுச் சீட்டு அடிக்கணும். யாருக்கு உப்பு இல்லாம, யாருக்குச் சக்கரை இல்லாம, யாருக்குக் கஞ்சின்னு தட்டு மேல வைப்போமே, அது. எங்க கிச்சன் கம்ப்யூட்டர் ஆவி பட்டு ஆவியாப் போச்சு. நீங்க போனப்புறம் இந்த அறை சும்மாத்தானே இருக்கு, இங்க அடிச்சுக்கோன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலியா?"

"சொல்லல. மேஜையைத் துடைக்கிறது?"

"நான்தான்மா. அழுக்கு மேஜையில எனக்குக் கை ஓடாது."

"பிரிண்டர்ல பேப்பர்?"

"நான்தான். நான் எடுத்தா நான் வைக்கணும்ல?"

"பேனா மூடி?"

"நான்தான். காஞ்சு போயிடுமேன்னு."

"நாற்காலி?"

"நான்தான்மா." மாஸ்டரின் முகத்தில் இப்போது பயம் வந்துவிட்டது. "ஏம்மா? நான் எதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

ஒவ்வொரு 'நான்தான்' என்பதற்கும் அண்ணியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எத்தனை வாரமாக அந்தத் தோள்கள் காதுவரை ஏறி நின்றன என்பது அவை இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் மருந்துப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. மாஸ்டர் பாவம், ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நான் பைத்தியம் இல்ல" என்றார் அண்ணி என்னிடம். "நான் எடுத்தது எடுத்ததுதான்."

"எடுத்தது எடுத்ததுதான் அண்ணி" என்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை.

பிறகு இரண்டு பேரும் பரீட்சை செய்து பார்த்தார்கள். டிக் இருந்தபோது மாஸ்டர் ஒரு தட்டுச் சீட்டு அடித்தார். 'உப்பு குறைவாக, காரம் வேண்டாம்' என்று முத்து முத்தாக வந்தது. அண்ணி ஒரு லேபிள் அடித்தார். கறுப்புச் சாய்சதுரம், கேள்விக்குறி. டிக்கை எடுத்து, கணினி செத்துப் பிழைத்து வரும்வரை காத்திருந்து, மறுபடி அடித்தார்கள். இப்போது லேபிளில் அழகான தமிழ். தட்டுச் சீட்டிலோ, தலையில் குல்லாய் போலக் கோடும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகள் வரிசையாக ஊர்வலம் போயின. சீட்டு அடிக்கும் புது புரோகிராமுக்குப் புதுக் கணக்கு வேண்டும், பழைய புரோகிராமுக்குப் பழைய கணக்கு வேண்டும். இருப்பதோ ஒரே கணினி, ஒரே டிக். இவர் காலையில் எடுப்பார், அவர் சாயங்காலம் போடுவார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

"எனக்கும் இந்தக் குல்லாதான்மா வரும்" என்றார் மாஸ்டர். "புரோகிராம் வித்தவங்களுக்குப் போன் போட்டேன். இந்த டிக்கைப் போடுன்னாங்க. போட்டேன், சரியாச்சு. மறுபடி பார்த்தா டிக் இல்ல. சரிதான், கம்ப்யூட்டருக்கு மூளை குழம்பிடுச்சுன்னு நினைச்சுட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே சங்கடம்தான் இரண்டு பேருக்கும். அவர் கணினிக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். என் அண்ணி தனக்குத்தான் குழம்பிவிட்டது என்று நம்பித் தூக்கத்தைத் தொலைத்தார். அந்த நேரத்தில் மாஸ்டர் மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

விஷயம் முழுதும் தெரிந்ததும் அந்த மனிதர் இடிந்துபோனார். "எங்க கிச்சன்ல ஒரு வழக்கம் உண்டும்மா. கடைசியா நிக்கிறவன் அடுப்பை எப்படி வாங்கினானோ அப்படித் துடைச்சு வச்சுட்டுத்தான் போகணும். இங்கயும் எல்லாத்தையும் அப்படித்தான் வச்சுட்டுப் போனேன். நாற்காலியைக் கூட ஒரு இஞ்ச் நகர்த்தி வச்சதில்ல. இந்த ஒரு டிக்கை மட்டும் விட்டுட்டேனே!"

அதுதான் கூத்து. கொஞ்சம் அழுக்கான ஆளாக இருந்திருந்தால், ஒரு தேநீர்க் கறையையோ கசக்கிய காகிதத்தையோ விட்டுவிட்டுப் போயிருப்பார். யாரோ வந்து போகிறார்கள் என்று அண்ணிக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். வந்த சுவடே தெரியாமல் துடைத்துவிட்டுப் போகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

"இனிமே வேலை முடிஞ்சதும் டிக்கை எடுத்து, ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, தமிழ் லேபிள் ஒண்ணு அடிச்சுப் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன்" என்றார் மாஸ்டர்.

"லேபிளை வாய்விட்டு வாசிச்சுப் பாருங்கண்ணா" என்றார் அண்ணி. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அப்போது உறுதியானது.

இதற்குள் டாக்டர் அறை வாசலில் டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அதான் தெரிஞ்சுபோச்சே, வீட்டுக்குப் போகலாம் வாங்க" என்றேன். அண்ணி கேட்கவில்லை. இவ்வளவு தூரம் பயந்துவிட்டுப் பார்க்காமல் போனால் மனசு சும்மா இருக்காது, பார்த்துவிட்டே போகலாம் என்றார். உள்ளே போய்வந்த பிறகு, காருக்கு நடக்கும்போது, நடந்ததைச் சொன்னார். டாக்டர் சில பொருள்களின் பெயரைச் சொல்லி, வேறு ஏதேதோ பேசிவிட்டு, அந்தப் பெயர்களைத் திரும்பச் சொல்லச் சொன்னாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, டாக்டர் மேஜையில் இருந்த மருந்துச் சாம்பிளின் தேதி முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னாராம். இன்னும் நிறையக் கேட்டு, எழுதவைத்து, வரையவைத்து, கடைசியில் டாக்டர் சொன்னது: "ஞாபகமெல்லாம் நல்லாவே இருக்கும்மா. உங்களுக்கு வேண்டியது தூக்கம். போய்த் தூங்குங்க."

"வயர்க்காரரை நாளைக்கு நான் ஒரு பிடி பிடிக்கிறேன்" என்றேன்.

"அவரை எதுக்கு? அவர் சொன்னது சரிதானே. அதுவா விழாது, யாராவது போட்டாத்தான்னார். யாரோதான் போட்டிருக்காங்க." சிரித்தார். "அந்த யாரோ நான்னு அவர் போற போக்குல சொன்னதை நம்பிக்கிட்டது நான்தான்."

(வயர்க்காரர் மறு வாரமே எங்கிருந்தோ ஒரு கணினியைக் கொண்டுவந்து சமையலறைக்கே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் மாஸ்டர் சில சாயங்காலம் மருந்தறைக்கு வந்து மேஜையைத் துடைத்துவிட்டுப் போகிறாராம். பழக்கமாகிவிட்டதாம்.)

வீட்டுக்கு வரும்போது நானே ஓட்டினேன். அண்ணி என் இடத்தில், அந்த இரண்டாவது பிரேக் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலில் தலையைச் சாய்த்து, பாதி வழியிலேயே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. முன்னால் போன சைக்கிள்காரருக்கு ஹாரன் அடிக்கவேண்டியதை நான் அடிக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் கார் ஓட்டியதில்லை.

அண்ணன் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் படியிலேயே நின்றிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். எதிர்முனையில் "ம்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அண்ணி படியேறி வந்ததும், வழக்கம்போலச் சாப்பாட்டுப் பைக்காகக் கையை நீட்டினார். டப்பா கழுவுவது கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலை.

அண்ணி தோளைத் தடவிப் பார்த்தார். பை இல்லை. காரைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மருந்தறையில் அழுதபோது உட்கார்ந்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் கழற்றி வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணியே சொல்லிவிட்டார், லேபிள் வாசிக்கிற அதே குரலில், தெளிவாக, தெருவுக்கே கேட்கும்படி.

"மறந்துட்டேன்."

நீட்டிய கையை அண்ணன் மடக்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.

"அப்பாடா!" என்றார்.